இளையோர் ஆர்கெஸ்ட்ரா கச்சேரி: பழைய மாணவர் இரண்டாம் வயலின் வாசித்தது சரிதானா?

குழித்துறையான் எழுதியது:

சனிக்கிழமை மார்த்தாண்டத்தில் நடந்த நம் பிள்ளைகளின் ஆர்கெஸ்ட்ரா கச்சேரியைப் பற்றி வாட்ஸ்அப் குழுக்களில் பேச்சு ஓயவில்லை. பாதிப் பேர் மனம் நிறைந்து பாராட்டுகிறார்கள். மீதிப் பேருக்கு ஒரு மனக்குறை: "இத்தனை வருஷம் வெளிநாட்டில் படித்து, அங்கேயே வாசித்துக்கொண்டிருக்கிற பையன், சொந்த ஊருக்கு வந்து இரண்டாம் வயலினா வாசிப்பது?" நாலு வரியில் பதில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதே ஆர்கெஸ்ட்ராவில் ஏழாம் வகுப்பில் சேர்ந்து பிளஸ் டூ வரை வாசித்தவர்தான் தனி வாசிப்புக்கு வந்திருந்தவர். பெயர் போட வேண்டாம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டதால் 'தம்பி' என்றே எழுதுகிறேன். முதலில் தீட்சிதரின் நொட்டுஸ்வரம் (ஐரோப்பிய மெட்டில் அமைந்த பாட்டு) ஒன்று, பிறகு தம்பி தனியாக வாசித்த, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ஈ மேஜர் பார்ட்டிட்டாவின் முதல் பகுதியான பிரெலூட், இடைவேளைக்குப் பிறகு பாக்கின் டி மைனர் இரட்டை வயலின் கான்செர்டோ (இரண்டு தனி வயலினும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கிற படைப்பு), கடைசியில் ஒரு தமிழ்க் கீர்த்தனை. கான்செர்டோவில் முதல் வயலின் வாசித்தது களியக்காவிளையிலிருந்து வருகிற பதினோராம் வகுப்புப் பிள்ளை. தம்பி எடுத்துக்கொண்டது இரண்டாம் வயலின்.

அந்தக் கான்செர்டோவில் இரண்டாம் வயலின் என்றால் என்ன என்று கொஞ்சம் பார்ப்போம். முதல் பகுதியைத் தொடங்குவதே இரண்டாம் வயலின்தான். அது கருப்பொருளை முழுதாகச் சொன்ன பிறகுதான் முதல் வயலின் அதே வரியை இன்னொரு சுருதியில் எடுத்துக்கொண்டு உள்ளே வரும். நடுவில் வருகிற லார்கோ என்ற மெதுவான பகுதியிலும் அப்படியே. மேலே நீளமாக நின்று, பிறகு படிப்படியாக இறங்குகிற அந்த வரியை முதலில் வாசிப்பவர் இரண்டாம் வயலின்காரர். முதல் வயலின் அவர் பின்னால்தான் வரவேண்டும். மூன்றாம் பகுதியில்தான் முறை மாறுகிறது. அங்கே முதல் வயலின் முன்னால் ஓட, ஒரே ஒரு பீட் தள்ளி இரண்டாவது துரத்துகிறது.

அதாவது தம்பி உட்காரப் போனது அந்தப் பிள்ளைக்குப் பின்னால் இல்லை. அவள் கால் வைக்கிற ஒவ்வொரு இடத்தையும் முன்னாலேயே போட்டுக் கொடுக்கிற வேலையை எடுத்துக்கொண்டார். லார்கோவில் வேகம் எவ்வளவு, சத்தம் எவ்வளவு, வில்லை எங்கே தூக்குவது எல்லாவற்றையும் அவர் முடிவு செய்து வாசித்துக் காட்டினார், அவள் அதைக் கேட்டு அதன்மேல் ஏறினாள். திரும்பி வருகிற பழைய மாணவர் ஒருவர் செய்யக்கூடிய காரியங்களில் இதைவிடப் பெரியது எனக்குத் தோன்றவில்லை. உங்கள் கருத்தையும் சொல்லுங்கள்.

---

களியக்காவிளை மாமா எழுதியது:

தம்பி குழித்துறையான், நீங்கள் சொன்ன விவரம் எல்லாம் சரி. ஆனால் மனக்குறைப்பட்டவர்களில் நானும் ஒருவன், அதனால் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் பேரன் வயலின் படிக்கிறான், நாலாவது கிரேடு பரீட்சைக்குத் தயாராகிறான். இந்த மூலையில் அவன் நேரில் பார்க்கக்கூடிய வயலின் வாசிப்பு எது? சபையில் ஞாயிற்றுக்கிழமை, கல்யாண வீட்டில், அப்புறம் யூடியூப். ஒரு மனிதன் நாலடி தூரத்தில் நின்று, ஆர்கெஸ்ட்ராவைப் பின்னால் வைத்துக்கொண்டு, முக்கால் மணி நேரம் முழு மூச்சாக வாசிப்பதை அவன் கண்டதே இல்லை. அதைக் காட்டத்தான் கூட்டிக்கொண்டு போனேன். அந்தப் பிரெலூட் நாலு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அந்த நாலு நிமிஷம் பேரன் நாற்காலி நுனியில் இருந்தான். கை எங்கே போகிறது என்றே தெரியவில்லை, ஒரு நொடி கூட நிற்காமல் ஓடுகிறது. "தாத்தா, இன்னொன்று வாசிப்பாரா?" என்று கேட்டான். அப்புறம் அவர் தனியாக வாசிக்கவே இல்லை.

பிள்ளைகளுக்குத் துணை வேண்டும்தான். ஆனால் உச்சி எங்கே இருக்கிறது என்றும் தெரிய வேண்டும். மெண்டல்சோன் கான்செர்டோ மாதிரி ஒன்றை வைத்திருக்கலாமே?

---

குழித்துறையான் எழுதியது:

மாமா, பேரன் கேட்ட கேள்வி நியாயமானது. தனி வாசிப்பில் இன்னும் ஒன்றோ இரண்டோ இருந்திருக்கலாம் என்பதில் எனக்கும் மறுப்பு இல்லை.

ஆனால் மெண்டல்சோன் வேறு கதை. அந்த ஈ மைனர் கான்செர்டோவுக்கு இரண்டு புல்லாங்குழல், இரண்டு ஓபோ, இரண்டு கிளாரினெட், இரண்டு பசூன், இரண்டு ஹார்ன், இரண்டு டிரம்பெட், டிம்பனி இத்தனையும் வேண்டும். முதல் பகுதி முடிந்ததும் எல்லாரும் நிறுத்த, ஒற்றைப் பசூன் மட்டும் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அந்த இழையைப் பிடித்துத்தான் இரண்டாம் பகுதி பிறக்கும். நம் மாவட்டத்தில் பசூன் வாசிக்கிற பிள்ளை ஒன்றையும் நான் கண்டதில்லை. வெளியூரிலிருந்து ஆள் வரவழைக்கலாம், சரி. அப்படி ஆள் சேர்த்தால் மேடையில் பாதி வெளியூர்க்காரர்கள் இருப்பார்கள், நம் பின்வரிசைப் பிள்ளைகள் கீழே நாற்காலியில் இருப்பார்கள்.

பாக்கின் இரட்டைக் கான்செர்டோவுக்குத் தந்தி வாத்தியங்களும் ஒரு கீபோர்டும் போதும். நம்மிடம் இருப்பதை வைத்து, ஒரு பிள்ளையையும் இறக்கிவிடாமல் வாசிக்க முடிகிற பெரிய படைப்பு அது.

---

தக்கலை ரசிகன் எழுதியது:

நான் கர்நாடக சங்கீதக்காரன். மேற்கத்திய இசையில் கேள்வி ஞானம் கொஞ்சம்தான். ஆனாலும் எழுதத் தோன்றுகிறது.

இரண்டாம் வயலின் என்றதும் பலருக்கு உள்ளே ஒரு இறக்கம் வருகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை, காரணம் நான் சுசீந்திரம் திருவிழாவில் இரட்டை நாகஸ்வரம் கேட்டு வளர்ந்தவன். ஒருவர் எடுத்த சங்கதியை இன்னொருவர் வாங்கி, கொஞ்சம் வளர்த்துத் திருப்பிக் கொடுப்பார். யார் பெரியவர் என்று கேட்பவர் நினைக்கவே மாட்டார். சனிக்கிழமை லார்கோ கேட்கும்போது எனக்கு அதே காதுதான் வேலை செய்தது. ஒரு குரல் நீளமாக நிற்கிறது, மற்றது அதற்கு அடியில் நகர்கிறது. இது ஓய்ந்ததும் அது நிற்கிறது, இது நகர்கிறது. கண்ணை மூடிக் கேட்டால் யார் யார் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அந்தப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேறு என்ன?

நொட்டுஸ்வரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, அது எனக்கு வருத்தம். முத்துஸ்வாமி தீட்சிதர் தாம் கேட்ட ஐரோப்பிய மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் போட்டார். சங்கராபரணத்தில், கமகம் இல்லாமல், நேர் ஸ்வரமாக இருக்கும். அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர்தான் மேற்கத்திய முறையில் வயலின் கற்று அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டு வந்தவர்களில் முன்னோடி. நம் திருவிதாங்கூர் பக்கமே எடுத்துக்கொண்டாலும், சுவாதித் திருநாள் சபையில் தஞ்சை வடிவேலு வயலின் வாசித்தார், மகாராஜா அவருக்கு யானைத் தந்தத்தில் செய்த வயலின் பரிசளித்தார் என்பது ஊரறிந்தது. இன்றும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் சரஸ்வதி நம் குழித்துறை, களியக்காவிளை வழியாகத்தானே திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்துக்குப் போகிறாள்? வயலினும் சங்கீதமும் இந்த ரோட்டுக்குப் புதிதில்லை. அடுத்த முறை நொட்டுஸ்வரத்தை முதலில் வைத்து அவசரமாக முடிக்காமல், நடுவில் வைத்து நிதானமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

---

பின்வரிசை வயலின் எழுதியது:

அண்ணே, நானும் இதே ஆர்கெஸ்ட்ராவில் வாசித்தவன், தம்பிக்கு ஒரு செட் மூத்தவன். இப்போது டெக்னோபார்க்கில் வேலை. ஆள் குறைந்தால் கூப்பிடுவார்கள், இந்த முறையும் ஆர்கெஸ்ட்ராவின் இரண்டாம் வயலின் வரிசையில் கடைசி ஸ்டாண்டில் (தாள் வைக்கிற தாங்கி, இரண்டு பேருக்கு ஒன்று) உட்கார்ந்தேன். கச்சேரியை மட்டும் பார்த்தவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

தம்பி கச்சேரிக்கு முந்தின நாள் வந்து இறங்கவில்லை. அந்த வாரம் முழுக்க மாலை ஒத்திகைக்கு வந்தார். முதல் நாள் மேடை நடுவில் நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். அவர் வயலினை எடுத்துக்கொண்டு நேராகக் கடைசி ஸ்டாண்டுக்கு வந்து, என் பக்கத்தில் இருந்த எட்டாம் வகுப்புப் பையனோடு ஒரே தாளைப் பார்த்து வாசித்தார். அந்தப் பையன் வழக்கமாக வில்லை நுனியில் மட்டும், பயந்து பயந்து போடுவான். தப்பு வந்தால் வெளியே கேட்டுவிடுமே என்று. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலை எடுத்து இரண்டு இடத்தில் வில் இறக்கும் குறி போட்டார், பிறகு அவன் காதருகே முழு வில்லோடு வாசித்தார். இரண்டாவது தடவை பையனும் முழு வில் போட்டான். அந்த ஸ்டாண்டிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்து நான் கேட்டதே இல்லை.

அடுத்த நாள் ஒவ்வொரு ஸ்டாண்டாக நகர்ந்தார். வயலினைவிடக் கொஞ்சம் பெரிய வாத்தியமான வயோலாவில்தான் அதிக நேரம் இருந்தார். நம் வயோலாப் பிள்ளைகள் எல்லாம் போன வருஷம் வரை வயலின் வாசித்தவர்கள், வயோலாத் தாளில் வருகிற ஆல்டோ கிளெஃப் என்ற குறிமுறை இன்னும் கண்ணுக்குப் பழகவில்லை. வயலினில் எங்கே இருக்கிற ஸ்வரம் இது என்று மனசுக்குள் மாற்றிப் பார்த்துத்தான் விரலை வைப்பார்கள், அதற்குள் ஒரு பார் போய்விடும். அவர் வாத்தியங்களைக் கீழே வைக்கச் சொல்லி, தாளைப் பார்த்து டோ ரே மீ போட்டுப் பாடச் சொன்னார். பாட வந்துவிட்டது! சபைப் பாடகர் குழுவில் ஆல்டோவும் டெனரும் டானிக் சோல்ஃபா (டோ ரே மீ எழுத்து முறை) பார்த்துப் பாடி வளர்ந்த பிள்ளைகள்தானே. பாடின பிறகு வாசித்தார்கள், தடுமாற்றம் பாதியாகக் குறைந்தது.

மூன்றாம் பகுதியில் ஒரு இடம் உண்டு, கவனித்தீர்களா என்று தெரியவில்லை. தனி வயலின் இரண்டும் இரட்டைத் தந்தியில் தொடர்ந்து கார்டு போட்டுக்கொண்டே இருக்கும். ராகத்தைப் பிடித்துக்கொண்டு போவது பின்னால் இருக்கிற நாங்கள்தான். அந்த இடத்தில் சோலோயிஸ்டுகள் எங்களுக்குப் பக்கவாத்தியம். ஒத்திகையில் அங்கே வந்ததும் தம்பி வாசிப்பதை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, "இது உங்க பாட்டு, என்னைக் கேட்காதீங்க, நான் உங்களைக் கேக்கணும்" என்றார். கச்சேரியிலும் அந்த இடத்தில் அவர் சபையைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்துத்தான் வாசித்தார்.

---

பாறசாலைக்காரி எழுதியது:

கடைசிப் பத்தியைப் படித்ததும் கண் நிறைந்துவிட்டது. எங்கள் வீட்டுப் பிள்ளை முதல் வயலின் வரிசையில் மூன்றாவது ஸ்டாண்டில் இருந்தாள். அந்த இடத்தில் அவள் சிரித்ததைப் பார்த்தேன், எதற்கென்று இப்போதுதான் புரிகிறது.

---

செல்லோ பிள்ளையின் அம்மா எழுதியது:

எல்லாரும் வயலினைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் கீழே வருகிறேன்.

ஆர்கெஸ்ட்ராவில் மொத்தம் இரண்டு செல்லோ, அதில் ஒன்று என் மகனுடையது. டபுள் பாஸ் இல்லை. அதனால் அடித்தள வரி முழுக்க இந்த இரண்டு பிள்ளைகளும் கீபோர்டு வாசிக்கிற அண்ணனின் இடது கையும்தான். பாக்கில் அடித்தள வரி நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும், ஒரு பீட் தவறினால் மேலே இருக்கிற எல்லாம் ஆடும். தம்பி அதை முதல் நாளே சொல்லி, இரண்டு பிள்ளைகளையும் தனியே உட்காரவைத்து, கீபோர்டோடு மட்டும் லார்கோவை முழுதாக வாசிக்கவைத்தார். மேலே ராகமே இல்லாமல்! பையன் வீட்டுக்கு வந்து, "அம்மா, நாங்க மட்டும் வாசிச்சாலும் அது பாட்டாத்தான் இருக்கு" என்றான்.

அந்தச் செல்லோவை ஒத்திகைக்குக் கொண்டுவருவது ஒரு பாடு. பஸ்ஸில் ஏற்ற முடியாது. பாறசாலையில் பாசஞ்சர் ஏறி, கதவோரம் செல்லோவை அணைத்துக்கொண்டு நின்று, குழித்துறையில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ. மழைக்காலம் இன்னும் மோசம். நமக்கு இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு, துலா மழையும் (வடகிழக்குப் பருவமழை) உண்டு. ஈரத்தில் பிரடை (தந்தியை முறுக்குகிற ஆணி) இறுகிக்கொள்ளும், வெயில் வந்தால் நழுவும். ஒரு தடவை பக்கவாட்டுப் பசையே விட்டுப்போனது, ஒட்ட ஆள் தேடித் திருவனந்தபுரம் வரை போனோம்.

இதையெல்லாம் சுமையென்று சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் செய்கிறோம். எனக்கு இருக்கிற கவலை வேறு. பிளஸ் டூவோடு எல்லாம் நின்றுவிடுகிறது. பதினோராம் வகுப்பு வந்ததுமே பள்ளிக்கூடத்தில், "வயலினும் செல்லோவும் நீட் எழுதுமா?" என்று கேட்கிறார்கள். கச்சேரி அன்று சிறப்பு வகுப்பு வைத்து, அனுமதி தர மறுத்த பள்ளிக்கூடமும் உண்டு, பெயர் வேண்டாம். ஆறு வருஷம் கஷ்டப்பட்டு உருவாக்கின செல்லோ, காலேஜ் சேர்ந்ததும் கட்டிலுக்கடியில் போய்விடுகிறது. தம்பி ஒருவர் திரும்பி வந்தார். மற்றவர்கள் எல்லாம் எங்கே?

---

களியக்காவிளை மாமா எழுதியது:

அம்மா கேட்டது பெரிய கேள்வி. பின்வரிசை தம்பி எழுதினதையும் நிதானமாகப் படித்தேன். ஒத்திகை வாரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதை அறிந்த பிறகு குறை குறைந்தது என்று சொல்லலாம், முழுதாகப் போகவில்லை. ஊருக்குத் தெரிகிறது மேடை மட்டும்தானே. பணம் கொடுக்கிறவரும், பிள்ளையைச் சேர்க்கலாமா என்று யோசிக்கிற அப்பாவும் மேடையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். அதனால் தனி வாசிப்பு அரைமணி நேரமாவது வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

---

குழித்துறையான் எழுதியது:

மாமா, அரைமணி நேரத் தனி வாசிப்பு, பிறகு பிள்ளைகளோடு கான்செர்டோ. இரண்டும் ஒரே மாலையில் நடக்கலாம், ஒன்றுக்கு ஒன்று எதிரி இல்லை. நான் பிடிவாதமாக நிற்பது ஒரே ஒரு இடத்தில்: யார் வந்தாலும் ஒத்திகை வாரம் முழுக்க இருக்க வேண்டும். கச்சேரி அன்று காலை விமானத்தில் வந்து, மாலை வாசித்து, இரவே கிளம்புகிற ஏற்பாடு எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் நமக்கு வேண்டாம். சனிக்கிழமை நாம் கேட்ட லார்கோ அந்த மாலையில் உண்டானது இல்லை, திங்கள் முதல் வெள்ளி வரை கடைசி ஸ்டாண்டில் உண்டானது.

வெளியே பார்த்தாலும் அப்படித்தான். வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975-ல் தொடங்கின எல் சிஸ்தேமா என்ற இளையோர் இசைப் பயிற்சி அமைப்பில் வளர்ந்தவர் குஸ்தாவோ துதாமெல். 2009-ல் லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநராகப் போன பிறகும், தன் நாட்டு இளையோர் ஆர்கெஸ்ட்ராவைக் கைவிடாமல் நடத்தினார். அங்கே பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது பாடத்திட்டத்திலேயே ஒரு பகுதி.

இரட்டைக் கான்செர்டோவுக்கே அப்படி ஒரு வழக்கம் உண்டு. வயலின் மேதை யெகுதி மெனுஹின் 1932-ல், பதினாறு வயதில், தன் ஆசிரியர் ஜார்ஜ் எனெஸ்கோவோடு சேர்ந்து இதைப் பதிவு செய்திருக்கிறார். இணையத்தில் கிடைக்கிறது, பேரனுக்குப் போட்டுக் காட்டுங்கள். இன்னொன்று: பிள்ளைகள் வயலின் படிக்கிற சுசூகி முறைப் புத்தகங்களில் நாலாவதில் இந்தக் கான்செர்டோ முதல் பகுதியின் இரண்டாம் வயலின் வரும், ஐந்தாவதில்தான் முதல் வயலின். நாலாவது புத்தகம் முடிக்கிற பிள்ளை இரண்டாம் வயலினை ஒரு மூத்தவரோடு வாசிக்கலாம், அடுத்த வருஷம் முதல் வயலினை எடுத்துக்கொண்டு இன்னொரு பிள்ளையைத் தன்னோடு நிறுத்தலாம். நம் பேரனும் அந்த இடத்துக்கு அதிக தூரத்தில் இல்லை மாமா.

செல்லோ அம்மா கேட்டதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் "மற்றவர்கள் எங்கே" என்பதற்கு ஒரு பாதி பதில் இதே இழையில் இருக்கிறது. பின்வரிசை வயலின் தம்பி டெக்னோபார்க்கிலிருந்து வந்து கடைசி ஸ்டாண்டில் உட்கார்ந்தாரே. வயலினைத் தொழிலாக எடுத்தவர் மட்டும்தான் திரும்பி வரலாம் என்று இல்லை. கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் கொச்சியிலும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், கட்டிலுக்கடியில் வயலின் இருக்கிறது. பழைய பிள்ளைகளுக்குக் கடைசி ஸ்டாண்டில் எப்போதும் நாற்காலி உண்டு என்று முறையாகச் சொல்லிவிடலாமே?

---

பின்வரிசை வயலின் எழுதியது:

சொல்லலாம் அண்ணே. எங்கள் செட் குழு இன்னும் உயிரோடு இருக்கிறது, நாளைக்கே போடுகிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை என்றால் நிறையப் பேருக்கு முடியும். எல்லாரையும் கூப்பிட்டால் விரல் வராது என்று பயப்படுவார்கள். இரண்டாம் வயலின் கடைசி ஸ்டாண்டில் முதல் பொசிஷனிலேயே, கையை மேலே நகர்த்தாமல், சமாளிக்கிற மாதிரி எதையாவது வைத்துத் தொடங்கச் சொல்லுங்கள்.

---

தக்கலை ரசிகன் எழுதியது:

கர்நாடக வயலின் வாசிக்கிற பிள்ளைகளும் வரலாமா? எங்கள் தெருவில் இரண்டு பேர் இருக்கிறார்கள். நன்றாக வாசிப்பார்கள். ஆனால் தரையில் சம்மணமிட்டு, வயலின் தலையைக் காலில் ஊன்றி வாசித்துப் பழகியவர்கள், ச-ப-ச-ப சுருதி. ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டில் எழுதுகிற மேற்கத்திய இசைக்குறி) தெரியாது.

---

குழித்துறையான் எழுதியது:

கட்டாயம் வரட்டும் சார். ஆர்கெஸ்ட்ராவுக்கு ஜி-டி-ஏ-ஈ என்று சுருதி மாற்ற வேண்டும், அவர்கள் தந்திகளையே இழுத்தால் அறுந்துவிடலாம். அதனால் இங்கே இருக்கிற உதிரி வயலினில் வாசிக்கட்டும், தங்கள் வயலினைத் தொட வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து தோளில் வைத்துப் பிடிப்பதற்குச் சில வாரம் ஆகும், நொட்டேஷனுக்கு இன்னும் கொஞ்சம் கூட. நொட்டுஸ்வரத்திலிருந்து தொடங்கினால் அவர்களுக்குப் பாட்டு ஏற்கெனவே தெரிந்திருக்கும், தாளைப் பார்த்தால் எந்தப் புள்ளி எந்த ஸ்வரம் என்று தானாகப் பிடிபடும். பதிலுக்கு நம் பிள்ளைகளுக்கு அவர்கள் சங்கராபரணம் சொல்லிக் கொடுக்கட்டும்.

ஆர்கெஸ்ட்ரா மாஸ்டரிடம் இன்று மாலை பேசினேன். பழைய பிள்ளைகளுக்கான சனிக்கிழமைக்கு அவர் சம்மதித்துவிட்டார், தேதி முடிவானதும் இங்கேயே போடுகிறேன். இரட்டைக் கான்செர்டோவின் தாள்கள் பதிப்புரிமை காலாவதியானவை, ஐஎம்எஸ்எல்பி (IMSLP) என்ற இசைத்தாள் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அவரவர் பகுதியை அச்செடுத்து வாருங்கள். வில் குறிகள் தம்பி பென்சிலில் போட்டதையே வைத்துக்கொள்கிறோம், அழிக்க வேண்டாம் என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார்.

---

செல்லோ பிள்ளையின் அம்மா எழுதியது:

சனிக்கிழமை என்றால் மகன் வருவான். பாசஞ்சரில் செல்லோ பிடிக்க ஒரு ஆள் கூட இருந்தால் நல்லது, பாறசாலையிலிருந்து வேறு யாராவது வருகிறீர்களா?

---

பாறசாலைக்காரி எழுதியது:

நாங்கள் வருகிறோம் அக்கா. அதே வண்டிதான், என்ஜினிலிருந்து இரண்டாவது பெட்டியில் ஏறுங்கள்.